நுனியில் நின்ற கம்பி

பேஸ்மேக்கரைச் சோதித்தாயிற்று. பற்றரி நன்றாக இருக்கிறது. கம்பி இடம் மாறவில்லை. துடிப்பு ஒவ்வொன்றும் பிசகாமல் விழுகிறது. "எல்லாம் சரி" என்று எழுதி நோயாளியை அனுப்பப் போகிறீர்கள். அப்போது கொஞ்சம் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, எதிரே இருப்பவர் எப்படி மூச்சு விடுகிறார் என்று பாருங்கள். இருதயப் பிரிவுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களிடம் நான் சொல்ல நினைப்பது இவ்வளவுதான். ஆனால் இதை மட்டும் சொன்னால் தலையாட்டிவிட்டு மறந்துவிடுவீர்கள். அதனால் யோகேஸ்வரி ரீச்சரைப் பற்றிச் சொல்கிறேன்.

ஓய்வு பெற்றபின் தன்னாமுனையில் வாவியைப் பார்த்தபடி இருக்கிறேன். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கதிரையிலேயே கண் சொருகிப் போகும். அந்த அரைத் தூக்கத்தில் பழைய நோயாளிகள் வருவார்கள். முகங்கள் வருவதில்லை, இதயங்கள் வருகின்றன. இதயத்தைப் படம் பிடிக்கும் எக்கோ இயந்திரத்தின் கறுப்புத் திரையில், சாம்பல் நிறச் சுவர்கள் நீருக்கடியில் எதுவோ அசைவதுபோல விரிந்து சுருங்கிக்கொண்டிருக்கும். பெயர் எழுதியிருக்காது. ஆனாலும் எனக்கு ஆளைத் தெரியும். ரீச்சருடைய இதயம் வந்தால் இன்றைக்கும் விழித்துக்கொள்கிறேன்.

நான் அவரை முதலில் பார்த்தது கடல் வந்த கிழமையில், அந்தச் சுனாமி வாரத்தில். வாவியோரத்து ஆஸ்பத்திரியில் அப்போது கட்டிலும் இல்லை, நடக்க வழியும் இல்லை. நடைபாதை முழுக்கப் பாய்கள். எல்லோரிடமும் ஈர மண்ணின் வாசம். குருக்கள்மடத்திலிருந்து உழவு மெசினின் இழுவைப் பெட்டியில் ஏற்றி அவரைக் கொண்டுவந்திருந்தார் கணவர் கோபாலபிள்ளை. அவர்களுக்கு ஒரே பிள்ளை, கோகுலன். கடற்கரைப் பக்கம் பந்தடிக்கப் போனவன். உடல் கிடைத்துப் புதைத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு ரீச்சர் எழும்புவதும் விழுவதுமாக இருந்தார்.

"அழ வாயத் திறக்கா, அப்பிடியே மயங்கிப் போறா. பெத்த வயிறுதானே டொக்டர்," என்றார் கோபாலபிள்ளை.

அந்த நடைபாதையில் மயங்கி விழுந்த தாய்மார் பலர். தண்ணீர் தெளித்து, முதுகைத் தடவி, அடுத்தவரிடம் போய்க்கொண்டிருந்தோம். இவருடைய கையை நான் பிடித்தபோது நாடி என் விரலுக்கு வரவில்லை. காத்திருந்தேன். வந்தது. பிறகு நெடுநேரம் ஒன்றுமில்லை. பிறகு இன்னொன்று. யாரோ நடந்துபோய், நின்று, யோசித்து, மறுபடி நடப்பதுபோல.

ஈ.சி.ஜி.யில் காரணம் தெரிந்தது. மேலறைகள் தம்பாட்டில் துடித்தன, கீழறைகள் தம்பாட்டில் துடித்தன. இடையே செய்தி போகும் வழி அடைபட்டிருந்தது. அடைப்பு அந்தக் கிழமை வந்ததா, முன்பே சத்தமில்லாமல் இருந்ததா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கழுத்து நாளம் வழியாகத் தற்காலிகக் கம்பி ஒன்றை இறக்கி, துடிப்பைப் பிடித்து வைத்துக்கொண்டு தலைநகருக்கு அனுப்பினோம். அங்கே நிரந்தர பேஸ்மேக்கர் பொருத்தினார்கள். கம்பியின் முனையை வலது கீழறையின் அடி நுனியில் வைத்தார்கள். அந்தக் காலத்தில் எல்லோரும் வைத்த இடம் அதுதான். கம்பி தானாகப் போய் இறங்குமிடம், தசையிழைகளில் நன்றாகக் கொழுவி நிற்குமிடம், வழுகாத இடம். நானே அங்கு நின்றிருந்தாலும் அங்கேதான் வைத்திருப்பேன். ரீச்சர் உயிரோடு ஊர் திரும்பினார்.

அவர் கணித ஆசிரியை. பள்ளிக்கூடம் வாவிக்கு அக்கரையில், படுவான்கரையில். குருக்கள்மடத்துறையில் 'பாதை' என்று நாம் சொல்லும் மிதவையில் ஏறி அம்பிளாந்துறையில் இறங்கி நடக்க வேண்டும். அப்போது இக்கரையும் அக்கரையும் வெவ்வேறு ஆட்சியில் இருந்தன: இக்கரை இராணுவத்திடம், அக்கரை போராளிகளிடம். துறையில் நின்ற இராணுவச் சிப்பாய் சோதனைக் கருவியை அவர் நெஞ்சருகே கொண்டுபோனால் அது கீச்சிடும். ரீச்சர் தன் பேஸ்மேக்கர் அட்டையைக் காட்டுவார். போகப்போக அந்தச் சிப்பாய்க்குப் பழகிவிட்டது. கருவியை எடுக்காமலே "ரீச்சர், மெசின் ஹொந்தயித?" என்று சிங்களத்தில் நலம் விசாரிப்பானாம். மெசின் நல்லா இருக்கிறதா என்று. ரீச்சர் இதை என்னிடம் சொல்லிச் சிரித்திருக்கிறார். சிப்பாய் மட்டுமல்ல, பக்கத்து வீட்டார், அதிபர், கிளினிக்கில் நாங்கள், எல்லோருமே மெசினைத்தான் விசாரித்தோம்.

பிறகு படுவான்கரையில் சண்டை மூண்டது, சனம் இடம்பெயர்ந்தது, பள்ளிக்கூடம் மூடிக் கிடந்து மறுபடி திறந்தது. அந்தக் காலத்தில் நான் நாட்டில் இல்லை. எக்கோ பயிற்சிக்காக வெளியே போயிருந்தேன். திரும்பி வந்தபோது போர் வடக்கே ஒரு சிறு துண்டு நிலத்துக்குள் ஒடுங்கிக்கொண்டிருந்தது. வானொலியைக் கேட்கவும் முடியாமல் நிறுத்தவும் முடியாமல் ஊர் இருந்தது. அந்த நாட்களில் ஒரு காலை ரீச்சர் என் கிளினிக்குக்கு வந்தார். கதவிலிருந்து கதிரை வரை வந்ததற்கே மூச்சு வாங்கியது.

"பாதையால இறங்கி ஆலமரத்தடியில இருந்து இளைப்பாறித்தான் போறன். முந்தி ஒரே நடையில போய்ச் சேந்திருவன்," என்றார். "ராவில தலாணிய உசத்தி வெச்சாத்தான் படுக்க ஏலும். காலும் வீங்குது."

"எவ்வளவு காலமா?"

"ஒண்டர வருசம் இரிக்கும். எல்லா இடத்தயும் காட்டிட்டன். மெசின் நல்லா வேல செய்யுதாம். இது கவலையில வாறதாம். உண்மதானே டொக்டர். கவல இல்லாம என்ன?"

பக்கத்தில் நின்ற கோபாலபிள்ளையும் தலையசைத்தார். எங்கள் பகுதியில் கவலை இல்லாத வீடு எது? அதனால்தான் அது ஆபத்தான விடை. எல்லோரிடமும் இருக்கிற ஒன்று எல்லாவற்றுக்கும் காரணமாகிவிடும். 'மெசின் சரி' என்பது உண்மை. 'கவலை இருக்கிறது' என்பதும் உண்மை. அந்த இரண்டு உண்மைகளுக்கும் நடுவில் இந்தப் பெண்ணின் இதயம் சத்தமில்லாமல் பெருத்துக்கொண்டிருந்தது.

எங்கள் எக்கோ அறையின் ஜன்னல் வாவியைப் பார்த்தது. கறுப்புத் திரைச்சீலை போட்டிருந்தாலும் மேல் இடுக்கால் வெளிச்சம் வரும். தண்ணீரில் பட்டு வரும் வெளிச்சம் கூரையில் வலைபோல நெளியும். படுத்திருக்கும் நோயாளிகள் அதைப் பார்த்துக்கொண்டே உறங்கிப்போவார்கள். ரீச்சரும் கண்ணை மூடினார். நான் திரையைப் பார்த்தேன்.

இடது கீழறை பெரிதாகி, வாய் அகன்ற பானைபோல இருந்தது. ஆனால் என்னை நிறுத்தியது அளவல்ல, அசைவு. இரண்டு பேர் வலை இழுக்கும்போது ஒருவர் இழுக்க மற்றவர் தளர்த்தினால் எப்படி இருக்கும்? நடுச்சுவர் முதலில் சுருங்கியது, அப்போது எதிர்ச்சுவர் சும்மா வெளியே தள்ளப்பட்டது. எதிர்ச்சுவர் பிந்திச் சுருங்கியபோது நடுச்சுவர் தளர்ந்துவிட்டது. இரத்தத்தின் ஒரு பகுதி வெளியே போகாமல் இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்கும் இடையே அலைந்தது. ஆரோக்கியமான இதயத்தில் மின்செய்தி தனக்கென்று உள்ள வழிகளால் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் போய்ச் சேரும். வலது கீழறையின் நுனியிலிருந்து புறப்படும் செய்திக்கு அந்த வழி கிடைப்பதில்லை. தசைக்குள்ளால் ஊர்ந்து ஊர்ந்துதான் இடது பக்கத்தின் தூரச் சுவரை அடையும். பலருக்கு இதனால் ஒன்றும் ஆவதில்லை. சிலருக்கு ஆண்டுகள் போகப்போக இதயம் களைத்துவிடுகிறது. உயிரைக் காத்த கம்பிதான் அறையைத் தளரச் செய்கிறது.

தலைநகரிலிருந்த நிபுணரைத் தொலைபேசியில் பிடித்தேன். இடது பக்கத்துக்கு இன்னொரு கம்பி போட்டு இரண்டு சுவரையும் சேர்த்துத் துடிக்க வைக்கும் கருவி அப்போது அரிதாகத்தான் கிடைக்கும். யாருக்குப் பொருத்துவது, யாரைத் திருப்பி அனுப்புவது என்ற பாரம் அவர் தலையில். பொறுமையாகத்தான் கேட்டார்: "தசையே நோயாகியிருக்கலாம். வேறு காரணங்களும் இருக்கலாம். இந்த நோயாளிக்குக் கம்பி நிற்கும் இடத்தால்தான் இது வந்தது என்று எப்படிச் சொல்கிறீர்கள்?"

நியாயமான கேள்வி. அதற்குச் சான்று தேட வேண்டியிருந்தது. மாத்திரைகளைக் கொடுத்துப் பார்த்தேன். இரத்த அழுத்தம் இறங்கியதே தவிர மூச்சுத் திணறல் குறையவில்லை.

பேஸ்மேக்கர் சோதிக்கும் கருவியோடு சில மாதங்களுக்கு ஒருமுறை தொழில்நுட்பவியலாளர் றமீஸ் வருவார். ஏறாவூர்ப் பிள்ளை, தலைநகரில் வேலை. அவர் வந்த அன்று நான் நினைத்திருந்ததைச் சொன்னேன். மெசினின் வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்போம். ரீச்சரின் சொந்தத் துடிப்பு தலைகாட்டினால், அந்தத் துடிப்பில் சுவர்கள் எப்படி அசைகின்றன என்று படம் பிடிப்போம். அதே இதயம், அதே தசை. கம்பி மட்டும் பேசாமல் இருக்கும்.

றமீஸ் முகம் மாறியது. "டொக்டர், நாலு வருசத்துக்கு மேலா மெசின்லதான் ஓடுது. சொந்தமா ஒண்டு இரிக்கா இல்லையா எண்டு ஆருக்குத் தெரியும்? குறைச்சுப்போட்டு, கீழ ஒண்டும் வராட்டி?"

"வராட்டி அந்த நொடியே கூட்டுங்க. உங்கட விரல் அந்தப் பட்டனிலயே இரிக்கட்டும்."

இதைத் துணிச்சல் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். கடல் வந்த கிழமையில் எடுத்த ஈ.சி.ஜி. எனக்கு நினைவிருந்தது. அவருடைய சொந்தத் துடிப்பு மெதுவானது, ஆனால் ஒடுங்கிய, ஒழுங்கான வடிவம். அடைப்புக்குச் சற்றுக் கீழே, நல்ல இடத்திலிருந்து புறப்படுவது. அப்படிப்பட்டது எளிதில் செத்துப்போவதில்லை என்று நம்பினேன். நம்பிக்கை மட்டும் போதாது என்பதால் கட்டிலருகே வெளியிலிருந்து துடிப்புக் கொடுக்கும் இயந்திரத்தை ஒட்டி வைத்தோம். தாதி மருந்தை ஊசியில் ஏற்றிக் கையில் வைத்திருந்தார். திரும்பி வரும் வழியைத் திறந்து வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். திரும்ப வழியில்லை என்றால் போகக்கூடாது.

ரீச்சரிடம் சொன்னேன். "மெசினை மெதுவாக்கப் போறம். தல சுத்தலாம். சுத்தினா உடனே சொல்லுங்க."

"நிப்பாட்டுறீங்களா?"

"இல்ல. மெதுவாத்தான்."

"பாத்துச் செய்ங்க," என்று சொல்லிவிட்டுத் திரையின் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அன்று அவர் கண்ணை மூடவில்லை.

றமீஸ் ஒரு படி குறைத்தார். இன்னொரு படி. திரையில் பழைய ஆட்டமே, வேகம் மட்டும் குறைந்தது. இன்னொரு படி. பிறகு எல்லாம் நின்றது. சுவர்கள் அசையவில்லை. அறையில் மின்விசிறிச் சத்தம்கூட எனக்குக் கேட்கவில்லை. கூரையில் மட்டும் வாவியின் வெளிச்சம் அசைந்துகொண்டிருந்தது. றமீஸின் விரல் பட்டனில் அழுந்தப்போவதைக் கடைக்கண்ணால் கண்டேன்.

"பொறுங்க," என்றேன்.

அப்போது அது வந்தது. இரண்டு சுவர்களும் எதிரெதிரே புறப்பட்டு, நடுவில் ஒன்றையொன்று நாடி, சேர்ந்தே விலகின. கும்பிடக் கூப்பும் இரண்டு கைகள்போல. அவசரமே இல்லாமல் இன்னொன்று. பிறகும் ஒன்று. களைத்துப் பெருத்த அந்த இதயத்தில் இப்படியோர் ஒழுங்கு இத்தனை காலமும் அடியில் கிடந்திருக்கிறது. எத்தனை துடிப்பு பார்த்தேன் என்று தெரியாது. பார்த்துக்கொண்டே இருந்திருப்பேன்.

"டொக்டர், கண் இருட்டுது," என்றார் ரீச்சர்.

றமீஸ் கூட்டினார். சுவர்கள் பழையபடி தள்ளாடத் தொடங்கின. றமீஸ் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "அல்லாஹ்," என்று கதிரையில் இருந்துவிட்டார். படம் முழுவதும் பதிவாகியிருந்தது.

ரீச்சர் இன்னும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "நடுவில மெல்லமா வந்திச்சே, அது ஆர்ட துடிப்பு?"

"உங்கட சொந்தத் துடிப்பு."

"அப்ப இது?"

"மெசின்ட."



பதிவை றமீஸே கொண்டுபோய் நிபுணரிடம் கொடுத்தார். நிபுணர் தானாகவே தொலைபேசியில் அழைத்தார். "அனுப்புங்கள்," என்றார். அவ்வளவுதான். இனி எல்லாம் நடந்துவிடும் என்று நான் நினைத்தேன். ஆனால் ரீச்சர் மறுத்துவிட்டார்.

"நான் போகல்ல டொக்டர்."

பயணத்துக்குப் பயமா என்று கேட்டேன். வழி நெடுகச் சோதனைச் சாவடிகள், காலம் அப்படி. இல்லை என்றார். சத்திரசிகிச்சைக்குப் பயமா? அதுவும் இல்லை. சேலைத் தலைப்பைத் திருகியபடி சொன்னார்: "இந்தக் களைப்பு என்ட புள்ளைக்காக வாறது. மூச்சு முட்டக்குள்ள அவன்ட ஞாபகம் வரும். தண்ணிக்குள்ள அவனுக்கும் இப்பிடித்தானே முட்டியிருக்கும். இதயும் எடுத்துப்போட்டா நான் அவன மறந்திருவன்."

இதற்கு மருத்துவம் படித்தவள் என்ன சொல்வது? "உங்கட கவலய நான் எடுக்கல்ல. அது உங்கட. மூச்சை மட்டும்தான் திருப்பித் தரப்பாக்கிறம்," என்றேன். சரியான பதில்தான். ஆனால் அவருக்குள் அது இறங்கவில்லை. முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. நான் பதிவான எக்கோ படத்தைக் காட்டி விளக்கினேன், ஆபத்தைச் சொன்னேன், பள்ளிக்கூடப் பிள்ளைகளைச் சொன்னேன். எல்லாம் அவருக்கு வெளியிலேயே நின்றன.

அதுவரை சுவரோரம் நின்ற கோபாலபிள்ளை கிட்ட வந்தார். மனைவியின் முன் குந்தினார்.

"யோகம், அவன் எனக்கும் புள்ளதான். நான் மூச்சு விடுறன்தானே. நான் அவன மறந்திட்டனா?"

அவர் கோபமாகக் கேட்கவில்லை. விடை தெரியாமல் கேட்பதுபோலக் கேட்டார். ரீச்சர் அவரை நிமிர்ந்து பார்த்தார். அந்த வருடங்களில் முதன்முறையாகப் பார்ப்பதுபோல இருந்தது அந்தப் பார்வை. கை நீட்டி அவர் தோளைத் தொட்டார். நான் அறையை விட்டு வெளியே வந்துவிட்டேன். சில இடங்களில் டொக்டருக்கு அடுத்த வேலை கதவைச் சாத்திவிட்டுப் போவதுதான்.

அடுத்த கிழமை இருவரும் புறப்பட்டார்கள். இதயத்தின் பின்பக்கமாக ஓடும் நாளம் வழியாக இன்னொரு கம்பியை இடது கீழறையின் வெளிச்சுவருக்குக் கொண்டுபோய் வைத்தார்கள். கடினமான வேலை, முதல் தடவை வழி கிடைக்காமல் மறுபடி முயன்றதாக நிபுணர் சொன்னார். ரீச்சர் வார்ட்டில் கிடந்த நாட்களில்தான் போர் முடிந்த செய்தி வந்தது. தெருவெங்கும் வெடி கொளுத்தினார்கள். கோபாலபிள்ளை தேநீர் வாங்க வெளியே போனவர், கடையில் எந்த மொழியில் கேட்பது என்று தெரியாமல் வெறுங்கையோடு திரும்பினாராம். வெடிச்சத்தத்தில் கட்டில்களில் கிடந்தவர்கள் திடுக்கிடுவதைக் கண்ட ஒரு சிங்களத் தாதி, ஜன்னல்களை ஒவ்வொன்றாகச் சாத்திவிட்டு, இவர்களுக்கும் சேர்த்துத் தேநீர் கொண்டுவந்து கொடுத்தாராம்.

இரண்டாவது கம்பி போட்ட உடனே எல்லாம் சரியாகிவிடும் என்று யாருக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள். சிலருடைய இதயம் மாதக்கணக்கில் மெல்ல மெல்லச் சுருங்கி வரும். சிலருடையது வராமலே போகும். வந்தபிறகுதான் வந்தது என்று சொல்லலாம். ரீச்சருக்கு வந்தது. முதலில் கால் வீக்கம் வடிந்தது. பிறகு தலையணை ஒன்று குறைந்தது.

மழைக்காலம் தொடங்கும் முன் மறுபரிசோதனைக்கு வந்தார். காலையில் பாதையால் இறங்கிப் பள்ளிக்கூடம் போய், இரண்டு பாடம் எடுத்துவிட்டு வந்திருந்தார். இடப்பக்கம் சரிந்து படுத்தார். கருவியை வைத்ததும் படம் கண்ணாடிபோல் விழுந்தது. அறை சிறுத்திருந்தது. சுவர்கள் ஒன்றையொன்று நோக்கி வந்து சேர்ந்தன. அன்று கண்ட அந்தச் சில துடிப்புகளின் அழகு முழுக்க இல்லை, ஆனால் அதன் சாயல் தெரிந்தது.

"பாருங்க ரீச்சர்," என்று திரையை அவர் பக்கம் திருப்பினேன்.

அவர் பார்த்தார்.

"அண்டைக்கு அவன மண்ணுக்குள்ள வெக்கக்குள்ள எனக்கு அழ ஏலல்ல டொக்டர். வாயத் திறக்க முந்தி மயக்கம் வந்திட்டு. மறுகா அழப் பாத்தா மூச்சில்ல."

"கோகுலன்," என்றார். பிறகு அழுதார். அடிவயிற்றிலிருந்து, நெஞ்சு நிறைய இழுத்து இழுத்து, அறை அதிர அழுதார். வெளியே வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்த கோபாலபிள்ளை கதவைத் திறந்து பார்த்துவிட்டு அப்படியே நின்றார். தாதி ஓடி வந்தார். நான் கை காட்டி நிறுத்தினேன்.

திரையில் இதயம் மறைந்துவிட்டது. ஆழமாக மூச்சிழுத்தால் நுரையீரல் விரிந்து இதயத்தை மூடிவிடும், உங்களுக்குத் தெரியும். ஒவ்வொரு மூச்சுக்கும் படம் வெளுத்துக் கலைந்தது. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு இயந்திரத்தை அணைத்தேன்.

அறிக்கையில் எதையாவது எழுத வேண்டும் அல்லவா? "படம் தெளிவாக எடுக்க முடியவில்லை. மூச்சு மிக ஆழமாக உள்ளது," என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.